ஆமி கொண்டுபோன கொம்பியூட்டர்

தை மாதத்தில் ரொறன்ரோவுக்குப் போகிறவனுக்கு ஒன்று அங்கே கல்யாணம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் புத்தி இல்லாமல் இருக்க வேண்டும். எனக்கு இருந்தது ஒரு பொங்கல் விழா. என் பழைய நண்பன் தவராசா, எங்களுக்குத் தவம், அங்கே இலவசத் தமிழ் வாரப் பத்திரிகை ஒன்று நடத்துகிறான். அதன் விழாவுக்குக் கொழும்பிலிருந்து ஒரு மூத்த பத்திரிகையாளர் சிறப்பு விருந்தினராகத் தேவைப்பட்டார். என்னைவிட மூத்தவர்களுக்கெல்லாம் விசா கிடைக்காதபடியால் நான் மூத்தவனானேன். அது தொண்ணூற்று ஒன்பதாம் ஆண்டு.

விழா எனக்கு ஒரு சாட்டு. என் உண்மையான அலுவல் சட்டைப்பையில் இருந்தது. என் தம்பி ரவியின் படம். வெளிநாடு போவதற்காகக் கொழும்பில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தவனை, ஒரு சுற்றிவளைப்பில் இராணுவம், எங்கள் வாயில் ஆமி, கொண்டுபோனது. அன்று அவனோடு பிடிபட்டவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்துவிட்டார்கள். அவன் மட்டும் வரவில்லை.

இதற்கு எங்கள் சனத்திடம் ஒரு வழக்கம் உண்டு. முகாமிலிருந்து யாராவது விடுதலையாகி வந்தால், அவர் முகம் கழுவுவதற்கு முன்பே வாசலில் ஆட்கள் கூடிவிடுவார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு படம் இருக்கும். "உள்ளுக்கை இவரைக் கண்டனீங்களோ?" என்று கேட்பார்கள். வந்தவர் எவ்வளவு களைத்திருந்தாலும் படத்தை வாங்கிப் பார்ப்பார். பார்க்காமல் இல்லை என்று சொல்வது மரியாதை இல்லை. நானும் ரவியின் மனைவி வதனியும் கொழும்பில் அப்படிப் பல வாசல்களில் நின்றிருக்கிறோம். விடுதலையானவர்களில் பாதிப்பேர் கனடாவுக்குப் போய்விட்டார்கள் என்று யாரோ சொன்னார்கள். அப்படியானால் ஒரு மண்டபம் நிறைய அவர்களை ஒரே மேடையில் நின்று கேட்டுவிடலாம். பேச்சின் முடிவில் படத்தைத் தூக்கிக் காட்டுவது என்பது என் திட்டம். வதனி வாசல்வரை வந்து, "படத்தை மடிச்சுப் போடாதையுங்கோ அத்தான்," என்று மட்டும் சொன்னாள்.

தவம் விமான நிலையத்துக்கு வந்திருந்தான். யாழ்ப்பாணத்தில் ஒரே பத்திரிகையில் ஒரே மேசைக்கு இரண்டு பக்கமும் இருந்தவர்கள் நாங்கள். அவன் எழுதிய செய்தியை நான்தான் திருத்துவேன். இப்போது அவனுக்குப் பகலில் மிசிசாகாவில் விமானப் பொதி ஏற்றும் வேலை, மாலையில் தமிழ் வானொலியில் ஒரு மணித்தியால நிகழ்ச்சி, சனி ஞாயிறில் பத்திரிகை. போதாததற்கு ஒரு வான் வண்டி. அந்த வானில் ஆசனமே சூடாகிறது. கொழும்பில் கரண்ட் போய் மின்விசிறி நின்றால்தான் என் கதிரை சூடாகும்.

நான் பொறாமைக்காரன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையில் வரும் புகைச்சல் எங்கிருந்து வருகிறது என்று வாசிப்பவர்கள் தேட வேண்டிவரும். தவம் வேண்டுமென்றே சுற்றுவழியாகப் போய்ப் பார்க்டேலில் ஒரு பழைய செங்கல் கட்டடத்தைக் காட்டினான்.

"உதிலைதான் மச்சான் முதல் வந்து கிடந்தனாங்கள். ஒரு அறையிலை எட்டுப்பேர். முறை வைச்சு நித்திரை."

பட்ட கஷ்டத்தைக்கூடச் சீதனக் காணி மாதிரிக் காட்டினான். எனக்கு அந்தக் கஷ்டத்தின்மேலும் பொறாமை வந்தது. எட்டாவது ஆளாக ரவி அங்கே கிடந்திருக்கலாம்.

வீட்டில் அவன் மனைவி மலர் ஒடியல் கூழ் காய்ச்சி வைத்திருந்தாள். நண்டு, இறால், பயற்றங்காய் எல்லாம் போட்ட கூழ். யாழ்ப்பாணத்துக்குப் பாதை பூட்டிக் கிடந்ததில் கொழும்பிலிருந்த நான், காய்ந்த பனங்கிழங்கில் இடிக்கும் ஒடியல் மாவைக் கண்ணால் கண்டு வருடக்கணக்கு. அது எந்தக் கப்பல் ஏறி எந்தக் கடல் சுற்றியோ ஸ்காபரோவுக்கு வந்திருக்கிறது. இரண்டு கோப்பை குடித்துவிட்டு, "புளி கொஞ்சம் கூடிப்போச்சு," என்றேன். மூன்றாவது கோப்பைக்குக் கையை நீட்டியபடிதான் சொன்னேன்.

குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே ஒரு சின்னக் கறுத்தப் பெட்டி இருந்தது. அதில் தமிழ் வானொலி மட்டும்தான் எடுக்கும். எல்லாத் தமிழர் வீட்டிலும் அந்தப் பெட்டி இருக்கிறதாம். கடைக்குப் போனால் தவம் வாயைத் திறந்ததும் ஆட்கள் குரலை வைத்தே அடையாளம் கண்டு சிரிக்கிறார்கள். கொழும்பில் நான் எழுதும் செய்திகள் தணிக்கைக்குப் போய் வெள்ளைப் பெட்டிகளாகத் திரும்பி வரும். என் வாசகர்கள் வெள்ளையை வாசித்தே பழகியவர்கள்.

அடுத்த நாள் விடிந்தபோது ஊர் முழுதும் என் பத்திரிகை மாதிரி இருந்தது. பனி கதவின் பாதி உயரத்துக்கு நின்றது. அந்த மாதம் தொடங்கியதிலிருந்து கொட்டியதற்கு மேல் இன்னொரு கொட்டு. பள்ளிக்கூடங்கள் பூட்டு, பஸ் இல்லை, வான் எங்கே நிற்கிறது என்றே தெரியவில்லை. தவம் ஒரு குவியலைக் காட்டி அதுதான் வான் என்றான். மத்தியானம் தோண்டிப் பார்த்தால் அது பக்கத்து வீட்டுக்காரனுடையது.

விழா மண்டபத்திலிருந்து தொலைபேசி வந்தது. தவம் கேட்டுவிட்டு என்னிடம் திரும்பினான்.

"விழாவைத் தள்ளி வைச்சிருக்கு மச்சான்."

"எப்பத்தைக்கு?"

"சித்திரை வருஷப்பிறப்புக்கு."

"நான் இந்தக் கிழமையே போறன்."

"அப்ப ரேடியோவிலை கதை. பத்து நிமிஷம் தாறன்."

மண்டபம் நிறைய ஆட்கள் பத்து நிமிடமாகச் சுருங்கிப்போனார்கள். இருந்தாலும் வானொலியை எல்லாரும் கேட்கிறார்கள் அல்லவா என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

பொங்கலன்று காலையில் மலர் பால் பொங்கும்வரை அடுப்படியில் நின்றவள், கையில் அகப்பையோடு ஓடிவந்தாள். "இஞ்சருங்கோ, ஆமி வருதாம்!"

நகரத் தலைவர் பனி அள்ளுவதற்கு ஆமியைக் கூப்பிட்டுவிட்டார். தொலைக்காட்சியில் பச்சை வாகனங்கள் வரிசையாக வந்தன. தவம் எழுந்துபோய் முன்கதவைப் பூட்டிவிட்டு வந்தான்.

பிறகு எல்லாரும் எதைச் செய்வார்களோ அதையே நாங்களும் செய்தோம். வெக்ஸ்போர்ட் பக்கமாகத் தமிழ்க்கடைக்கு நடந்தோம். என் கால் இரண்டு இடத்தில் முழங்கால் வரை புதைந்தது. தவத்தின் பழைய கோட்டைத்தான் போட்டிருந்தேன். கை நீளம் விரலையும் தாண்டித் தொங்கியது. கடைக்குள் ஊரடங்குக்கு முந்திய நாள் மாதிரிச் சனம். அரிசி, கோதுமை மா, கருவாடு, நெருப்புப்பெட்டி, மெழுகுதிரி. ஒருவர் மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று கேட்டார். கடைக்காரர், இருந்தது முடிந்துவிட்டது என்றார். பால் வாங்க வந்த ஒரு வெள்ளைக்கார அம்மா வெறுமையான மெழுகுதிரித் தட்டைப் பார்த்துவிட்டு, "மின்சாரம் போகவில்லையே, இவ்வளவு மெழுகுதிரி எதற்கு?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். கடைக்காரர் இன்று எங்களுக்குப் பண்டிகை என்று சொல்லிச் சமாளித்தார்.

அந்த வரிசையில் நின்றபோதுதான் செய்தி காதில் விழுந்தது. அங்கிருந்து சற்றுத் தள்ளி ஒரு மாடிக் கட்டடத்தின் முன்னால் ஆமியின் கவச வாகனம் வந்து நின்றதாம். நாலு ஆமி உள்ளே போய் எதையோ கம்பளியால் சுற்றித் தூக்கிவந்து ஏற்றிக்கொண்டு போனதாம். கீழ்த்தளத்தில் பெயர்ப்பலகை இல்லாத ஓர் அலுவலகம் இருக்கிறதாம், திரைச்சீலையைத் திறந்ததே இல்லையாம்.

"உது எங்கடை நாட்டு உளவுத்துறையின்ரை கொம்பியூட்டர்," என்றார் கருவாடு வாங்கியவர். "கொழும்பிலை வைச்சால் குண்டு வைச்சிடுவாங்கள் எண்டு இஞ்சை கொண்டுவந்து ஒளிச்சு வைச்சவங்கள். எங்கடை பேர் எல்லாம் அதுக்குள்ளைதான். கனடா ஆமிக்குத் தெரிஞ்சுபோச்சு."

"பனி அள்ளத்தானே ஆமி வந்தது?" என்றேன் நான்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி ஊரிலை இருந்து புதுசோ? உலகத்திலை எங்கையாவது ஆமி பனி அள்ளுமோ?"

கடை முழுவதும் தலையாட்டியது. தவத்தின் முகத்தைப் பார்த்தேன். பெரிய செய்தி அகப்படும்போது இருபது வருடத்துக்கு முன்னால் அவன் மூக்கு விரியுமே, அதே மாதிரி விரிந்திருந்தது.

அன்று மாலை வானொலி நிலையத்தில் எனக்கு ஒரு கதிரை தந்தார்கள். சேலைக்கடைக்கும் ரோல்ஸ் விற்கும் பேக்கரிக்கும் கீழே ஒரு நிலவறை. சுவருக்கு முட்டைத் தட்டு ஒட்டியிருந்தது. மேலேயிருந்து ஆட்டிறைச்சி ரோல்ஸ் வாசம் இறங்கிக்கொண்டே இருந்தது. தவம் தன் குரலைச் சட்டை மாற்றுவது மாதிரி மாற்றினான். "நேயர்களே, கொழும்பிலிருந்து எங்கள் மத்தியில் வந்திருக்கும் மூத்த பத்திரிகையாளர் ஞானசேகரம் அவர்கள். அவரிடம் வருவதற்கு முன்னால், வெக்ஸ்போர்ட்டில் இன்று நடந்தது என்ன?"

அவ்வளவுதான். தொலைபேசியின் எல்லா விளக்குகளும் எரிந்தன.

"அண்ணை, நான் மேல்மாடியிலை இருந்து பாத்தனான். நாலுபேர் தூக்கினவங்கள். குழந்தைப்பிள்ளையைத் தூக்குற மாதிரி மெதுவாத் தூக்கினவங்கள். வயர் ஒண்டு தொங்கினது."

"அங்கிள், அது சும்மா கொம்பியூட்டர் இல்லை, சேர்வர்." இது பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு பெண். "லைக், எல்லா கொம்பியூட்டருக்கும் அதுதான் மெயின். ஷேக் பண்ணினா டேற்றா போயிடும். அதுதான் ஸ்லோவாத் தூக்கியிருக்கினம்."

ஒருவர் பிரான்ஸின் பரிஸ் நகரத்திலிருந்து தொலைபேசி எடுத்தார். கொண்டுபோனது இரண்டு சேர்வர் என்று கேள்விப்பட்டாராம். அடுத்தவர் நோர்வேயில் உள்ள தன் மைத்துனரை மேற்கோள் காட்டி ஏழு என்றார். கறுப்பாக வாந்தி எடுத்தவன் காகம் காகமாக வாந்தி எடுத்த கதைதான். கொழும்பில் எங்கள் அலுவலகத்துக்குள் உண்மையாகவே ஆமி வந்து கொம்பியூட்டர்களைத் தூக்கிக்கொண்டு போனது. அதை ஒரு வரி எழுத எனக்கு விடவில்லை. அது வெள்ளைப் பெட்டியாக வந்தது. நடக்காத ஒன்றுக்கு இங்கே பரிஸிலிருந்து தொலைபேசி வருகிறது. வயிறு எரிந்தது. அருகில் யாராவது அப்பளம் வைத்திருந்தால் சுட்டிருக்கலாம்.

முடியும் நேரத்தில் ஓர் அம்மாவின் குரல் வந்தது. மெல்லிய குரல்.

"தம்பி, அந்தக் கொம்பியூட்டருக்குள்ளை, பிடிச்சுக்கொண்டு போன பிள்ளையளின்ரை பேரும் இருக்குமோ?"

"கட்டாயம் இருக்கும் அம்மா," என்றான் தவம்.

அந்தக் கணத்தில் எனக்கும் அது இருக்கத்தான் வேண்டும்போல இருந்தது. அதற்குள் நேரம் முடிந்து பாட்டுப் போட்டுவிட்டார்கள். என் பத்து நிமிடத்தையும் கொம்பியூட்டர் தின்றுவிட்டது.

வெளியே வந்ததும் தவத்தைப் பிடித்துக்கொண்டேன். "வெக்கமில்லையோடா உனக்கு? நீ கண்ணாலை கண்டனியோ?"

அவனுக்குக் கோபம் வரவில்லை. "காணேல்லை. நீ போய்ப் பாத்திட்டு வா. பொய்யெண்டால் நாளைக்கு முழு மணித்தியாலமும் உனக்கு. ரவியைப் பற்றி மட்டும் கதை."

பேரம் எனக்கு நன்றாகவே இருந்தது. பொய்யென்றால் எனக்கு ஒரு மணித்தியாலம். உண்மையென்றால் எங்கோ ஓர் இடத்தில் என் தம்பியின் பெயர் இருக்கிறது. நித்திரைக்குப் போகும்போது இரண்டில் எது வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை.

மறுநாள் பஸ் ஓடியது, ஆனால் என்னை ஏற்றிய பஸ் ஓர் ஏற்றத்தில் பின்பக்கமாக வழுக்கிப் பனிக்குவியலில் குந்திவிட்டது. சாரதி எழுந்து நின்று, "பெரியோர்களே, இனி நான் உங்களைப் போலவே ஒரு பயணி," என்றார். எல்லாரும் சிரித்தபடி இறங்கி நடந்தார்கள். பஸ் நின்றால் கொழும்பில் முதலில் சாரதியின் அப்பன் பாட்டன் எல்லாரும் சனத்தின் ஏச்சில் பஸ்ஸுக்குள் ஏறிவிடுவார்கள்.

ஒரு பஸ் தரிப்பிடத்தில் ஆமிக்காரர்கள் நின்றார்கள். உண்மையாகவே பனிதான் அள்ளிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் ஆமியின் கையில் மண்வெட்டியைக் கண்டால் தாய்மார் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள். ஒருவன் என்னைப் பார்த்து நிமிர்ந்தான். என் கை தானாகவே அடையாள அட்டையைத் தேடிக் கோட்டுக்குள் போனது. கை நீளமான கோட்டில் பையைக் கண்டுபிடிப்பதற்குள் அவன் பேசிவிட்டான். "கவனமாக நடவுங்கள் ஐயா, கீழே கண்ணாடி மாதிரி இருக்கிறது. இந்த ஊர் எப்போதும் இப்படித்தானா?"

"எனக்குத் தெரியாது. நானும் புதிது," என்றேன்.

"நானும்தான்," என்று சிரித்துவிட்டுக் குனிந்தான். நன்றாக அள்ளினான். அதையும் பார்த்துப் பொறாமைப்பட்டுக்கொண்டு நடந்தேன்.

கட்டடம் கிடைத்தது. கீழ்த்தளத்தில் பெயர்ப்பலகை இல்லாத அலுவலகமும் இருந்தது, திரைச்சீலையும் மூடியிருந்தது. மணியை அழுத்தினேன். வெள்ளை மேலங்கி போட்ட ஒரு பெண் திறந்தார். அவருக்குப் பின்னால் தட்டுத் தட்டாகப் பற்கள் என்னைப் பார்த்துச் சிரித்தன. அது பல் வைத்தியர்களுக்குப் பொய்ப்பல் செய்துகொடுக்கும் இடம்.

"இராணுவமா? இங்கேயா?" என்றார். "எங்களிடம் இருப்பது ஒரே ஒரு கொம்பியூட்டர், அதோ இருக்கிறது. அதைக் கொண்டுபோவதென்றால் நானே தூக்கிக் கொடுப்பேன்."

தவம் தோற்றான். நான் துள்ளியிருக்க வேண்டும். துள்ளவில்லை. ரவியின் பெயர் இருந்த ஓர் இடம், ஒரு நாள் மட்டும் இருந்துவிட்டு, பல்லாகப் போய்விட்டது.

வாசல் கூடத்தில் ஓர் அம்மா என்னைக் கவனித்துக்கொண்டு நின்றார். பெயர் பூமணி என்று பிறகு தெரிந்தது. "தமிழோ தம்பி? ஆரைத் தேடுறியள்?" வானொலி விஷயம் என்றேன். "அட, நீங்களோ! வாங்கோ வாங்கோ, இவர் கேட்டால் சந்தோசப்படுவார்," என்று என்னை மேலே கூட்டிக்கொண்டு போனார்.

அவருடைய கணவர் கந்தையா அண்ணை தலைக்குக் கம்பளித் தொப்பி போட்டுச் சோபாவில் சாய்ந்திருந்தார். மெலிந்த மனிதர். சிறுநீரகம் பழுது. கிழமையில் மூன்று தரம் ஆஸ்பத்திரியில் மெஷினில் இரத்தம் சுத்தப்படுத்த வேண்டும்.

"தம்பிதானே ரேடியோவுக்கு வந்தது? கதைக்கவே விடேல்லை உவன் தவராசா," என்று ஆரம்பித்தார். எனக்கு அவரை உடனே பிடித்துவிட்டது. "எங்கடை பில்டிங்கிலைதானாம் அது நடந்தது. எனக்குக் குடுத்துவைக்கேல்லை தம்பி. நான் அந்தநேரம் பாத்து ஆஸ்பத்திரியிலை."

"அம்புலன்ஸ் ஓடேல்லையே அண்ணை. என்னெண்டு போனனீங்கள்?"

"ஆமிதான் கொண்டுபோனது."

பொங்கல் புக்கையை என் கையில் தந்துகொண்டிருந்த பூமணி அக்கா உட்கார்ந்துவிட்டார். "அதை ஏன் கேக்கிறியள்? இவருக்கு மூச்செடுக்க ஏலாமல் போச்சு. போன் பண்ணினம். கதவைத் தட்டினாங்கள், திறந்தால் ஆமி. உடனை இவர் ரெண்டு கையையும் தூக்கித் தலையிலை வைச்சிட்டார். பிறகு ஊரிலை எடுத்த ஐடென்ரிக் காட்டை எடுத்து நீட்டினார். அந்தப் பொடியன் வாங்கிப் பாத்திட்டு, வடிவான படம் எண்டு சொல்லித் திருப்பிக் குடுத்தவன். எனக்குத் திறப்பு எங்கை இருக்கு, மகளுக்கு என்ன சொல்ல வேணும் எண்டெல்லாம் சொல்லிப்போட்டுத்தான் இவர் போனவர். நான் குளறின குளறல் மேல்மாடி மட்டும் கேட்டிருக்கும்."

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். "அண்ணை, உங்களைக் கம்பளியாலை சுத்தினவங்களோ?"

"தலை கால் தெரியாமல் சுத்தினவங்கள். குளிர்தானே."

"மூக்கிலை குழாய்?"

"ஓம், ஒட்சிசன்."

"நாலுபேர் தூக்கினவங்கள்?"

"ஓம். நல்ல மெதுவாத் தூக்கினவங்கள்."

"அண்ணை, நீங்கள்தான் அந்தக் கொம்பியூட்டர்."

அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு சிரித்தார், இருமினார், இருமிக்கொண்டே சிரித்தார். பூமணி அக்கா முதுகைத் தடவிவிட்டார். சிரிப்பு அடங்கியதும் அண்ணை ஒரு விரலை உயர்த்தினார்.

"இதை ரேடியோவிலை சொல்லப்போறியளோ? சொன்னாலும் ஒரு பிரயோசனமும் இல்லைத் தம்பி. ஆமி வந்து ஒரு தமிழனைக் கொண்டுபோச்சுது, பின்னேரம் திருப்பிக் கொண்டுவந்து வீட்டிலை விட்டது எண்டு சொன்னால் எங்கடை சனம் நம்புமோ? கொம்பியூட்டர் எண்டால் நம்பும்."

"திருப்பிக் கொண்டுவந்தவங்கள்தான்," என்றார் பூமணி அக்கா, சோபாவின் மெத்தையைத் தட்டிப்போட்டபடி. "இவர் செருப்பை அந்த வண்டிக்குள்ளை விட்டிட்டு வந்திட்டார். மகள் வாங்கிக் குடுத்த புதுச் செருப்பு. காலிலை போட்டுக்கொண்டு போனதைப் பாத்து எடுத்துக்கொண்டு வரத் தெரியாத மனுசன்!"

"நான் வந்தது காணாதோ உனக்கு?"

"நீங்கள் வந்தனீங்கள். செருப்பு எங்கை?"

இவ்வளவு நாளும் நான் பட்டதெல்லாம் பொறாமை இல்லை என்று அப்போது தெரிந்தது. சூடான ஆசனம், ஒடியல் கூழ், வானொலிப் பெட்டி எல்லாம் சும்மா. ஆமியோடு போன புருசன் வீடு திரும்பி, செருப்பை விட்டுவிட்டு வந்ததற்காகப் பெண்சாதியிடம் ஏச்சு வாங்கிக்கொண்டிருக்கிறான். ரவியை வெறுங்காலோடுதான் கொண்டுபோனார்கள். அவன் செருப்பை லொட்ஜ் வாசலிலிருந்து வதனி எடுத்துவந்து, எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். கூட்டும்போது அதைத் தூக்கிவிட்டுக் கூட்டி, திரும்ப அதே இடத்தில் வைப்பாள். இப்படி ஒரே ஒரு தரம் ஏசுவதற்கு அவள் எதையும் கொடுப்பாள். அந்த மனிதரை எனக்குத் தாங்க முடியவில்லை. அழுகை வந்தது.

என் கை கோட்டுக்குள் போனது. இந்தமுறை பை உடனே அகப்பட்டது. படத்தை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"அண்ணை, உள்ளுக்கை இவரைக் கண்டனீங்களோ?"

சொல்லி முடித்த பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. இது ரொறன்ரோ. அவரைக் கொண்டுபோனது ஆஸ்பத்திரிக்கு. கூச்சத்தில் படத்தை இழுக்கப் பார்த்தேன். அவர் விடவில்லை. சிரிக்கவும் இல்லை. பூமணி அக்கா எழுந்துபோய் மூக்குக்கண்ணாடியை எடுத்துவந்து கொடுத்தார். அண்ணை அதைப் போட்டு, யன்னல் பக்கம் திரும்பி, பனி வெளிச்சத்தில் படத்தைப் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"இல்லைத் தம்பி," என்றார் கடைசியில். "நான் போன வண்டியிலை இவர் இல்லை. வேறை வண்டியிலை இருக்கக்கூடும்."

படத்தை இரண்டு கையாலும் திருப்பித் தந்தார்.

தவம் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். மாலையில் முழு மணித்தியாலத்தையும் எனக்கு விட்டுவிட்டுத் தான் தொலைபேசியை மட்டும் கவனித்தான். கந்தையா அண்ணையிடம் அனுமதி வாங்கி அவர் கதையைச் சொன்னேன். அவர் சொன்ன மாதிரியே ஒருவரும் நம்பவில்லை. "கொழும்பிலை இருந்து வந்தவரை அவங்கள் வாங்கிப்போட்டாங்கள்," என்றார் ஒருவர். கடையில் கருவாடு வாங்கியவரின் குரல். நான் உளவுத்துறையின் ஆள் என்றும், சேர்வரைத் தேடித்தான் வந்திருக்கிறேன் என்றும் இன்னொருவர் கண்டுபிடித்தார். பிறகு ரவியைப் பற்றிச் சொன்னேன். வயது, உயரம், இடது புருவத்தில் வெட்டுக்காயம். விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. நேற்றைய அம்மா மட்டும் வந்தார்.

"தம்பி, ஆமி திருப்பிக் கொண்டுவந்து விட்டவர் எந்த பில்டிங்கிலை இருக்கிறார்? என்னட்டையும் ஒரு படம் இருக்கு."

தவம் என்னைப் பார்த்தான். அதற்குள் இன்னொரு விளக்கு எரிந்தது. கந்தையா அண்ணை. "வரச்சொல்லுங்கோ," என்றார். "நாளைக்குக் காலமை நான் வீட்டிலைதான்." கட்டடத்தின் இலக்கத்தையும் அவரே சொன்னார்.

மறுநாள் விமான நிலையத்துக்குத் தவம்தான் கூட்டிப்போனான். வெக்ஸ்போர்ட் வழியாகத்தான் போனான். இது சுற்றுவழி என்று எனக்கும் இப்போது தெரிந்திருந்தது. அந்தக் கட்டடத்தின் முன்னால் ஆட்கள் நின்றார்கள். மண்டபம் கொள்ளும் சனம் இல்லை, ஆனால் நான் நினைத்ததைவிட அதிகம். வானொலியில் நேற்று என்னை ஏசிய கருவாட்டுக்காரரும் நின்றார். ஒவ்வொருவரும் கோட்டுக்குள் எதையோ நனையாமல் பிடித்திருந்தார்கள். சிலர் எடுத்து மற்றவர்களுக்குக் காட்டிக்கொண்டும் நின்றார்கள். இரவு திரும்பவும் பனி கொட்டி, பாதை வாசல்வரை வெட்டி முடியாததால் அவர்கள் உள்ளே போக முடியாமல் காத்திருந்தார்கள். ஆமிக்காரர்கள் அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

தவம் வானை ஓரமாக நிறுத்தினான். "இறங்கு," என்றான். "நேரம் கிடக்கு. இதுக்குள்ளை ஆரும் கண்டிருப்பினம்."

படத்தை எடுத்துக்கொண்டு இறங்கினேன். என்னைக் கண்டதும் ஓர் ஆமிக்காரன் மண்வெட்டியை ஓரமாகப் பிடித்து, நான் போவதற்கு வழிவிட்டான்.